பழ சல்சா கலந்த அரை மணியில் தண்ணீர் விட்டுவிடுகிறது: என்ன மாற்ற வேண்டும்?

துண்டுமாங்கனி கேட்டது:

வணக்கம். பழ சல்சா விஷயத்தில் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். இப்போது எடுக்கும் அளவு: நன்றாகக் கனிந்த மாம்பழம் 2 (நறுக்கியபின் சுமார் 400 கிராம்), அன்னாசி 200 கிராம், தக்காளி 1, வெங்காயம் 1, பச்சை மிளகாய் 2, ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழை, 2 எலுமிச்சையின் சாறு, உப்பு 1 தேக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி. எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக் கலந்து ஃப்ரிட்ஜில் வைப்பது வழக்கம்.

அரை மணியில் அடியில் அரை கப் தண்ணீர் நிற்கிறது, பழமும் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. ஒரு வாய்க்குக் காரமே இல்லை, அடுத்த வாய்க்குக் கண் கலங்குகிறது. மறுநாள் எடுத்தால் பழ மணம் போய் வெங்காய நெடி மட்டும் மிச்சம். இதைச் சுட்ட இறாலுக்கும் மீனுக்கும் தொட்டுக்கொள்ள வைக்கலாமா? எவ்வளவு முன்னதாகச் செய்து வைக்கலாம்? பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைக்க முடியுமா?

---

உப்புத்தராசு:

உங்கள் அளவுகளில் பெரிய குற்றம் இல்லை. போடும் வரிசைதான் காலை வாருகிறது.

வெட்டிய பழத்தின் மேல் உப்போ சர்க்கரையோ பட்டவுடன் உள்ளிருக்கும் நீர் வெளியே வர ஆரம்பிக்கும். பள்ளிப் பாடத்தில் சவ்வூடு பரவல் என்று படித்ததுதான். அதை முழுக்க நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம், குறைக்கலாம். நீங்கள் ஒரு தேக்கரண்டி உப்பை (பொடி உப்பு என்றால் சுமார் 6 கிராம்) தொடக்கத்திலேயே போட்டு, கூடவே சர்க்கரையும் போட்டு, அரை மணி ஊறவிடுகிறீர்கள். பழத்திலிருந்து சாறு எடுக்க வேண்டுமென்றால் செய்ய வேண்டிய வேலை இதுவேதான். இதோடு இரண்டு எலுமிச்சையில் 50, 60 மி.லி. சாறு வந்திருக்கும். தக்காளியின் விதைக்கூழ் இன்னொரு பக்கம். கொத்தமல்லியை ஈரம் போக உலர்த்தாமல் நறுக்கியிருந்தால் அதன் பங்கும் சேரும்.

பழத்தின் பதம் முதலில். அப்படியே சாப்பிட உகந்த மாம்பழம் சல்சாவுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கனிந்தது. காம்பருகே நல்ல மணம் வர வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகக் கொடுக்க வேண்டும், ஆனால் விரல் பதிந்த குழி நிற்கக் கூடாது. நார் குறைவான வகையாக இருந்தால் துண்டு ஓரம் சுத்தமாக வரும். காயாக இருக்கும் மாம்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் அது ஒழுங்காகப் பழுக்காது, சுவையும் கெடும். வெளியே வைத்துப் பழுக்கவிட்டு, பதம் வந்த பிறகு குளிர வைப்பதே முறை.

நான்கைந்து பேர் தொட்டுக்கொள்ள இந்த அளவு போதும்:

மாம்பழச் சதை 400 கிராம்
சிவப்புக் குடமிளகாய் 60 கிராம்
சிவப்பு வெங்காயம் 50 கிராம்
பச்சை மிளகாய் 8 முதல் 10 கிராம் (காரத்தைச் சோதித்துப் பார்த்துக் கூட்டிக் குறைக்க)
கொத்தமல்லித்தழை, இளந்தண்டோடு 12 கிராம்
எலுமிச்சைச் சாறு 20 மி.லி., பிறகு தேவைக்கேற்ப இன்னும் 10
உப்பு 3 கிராம்

உப்பை எடை போட்டுப் போடுங்கள். ஒரே தேக்கரண்டியில் பொடி உப்பு 6 கிராம் பிடிக்கும், செதில் செதிலாக இருக்கும் உப்பு அதில் பாதிதான் பிடிக்கும். மொத்த எடையில் 0.5 முதல் 0.7 சதவீதம் என்பது பழ சல்சாவுக்குச் சரியாக உட்காரும் அளவு.

வெட்டும் விதமும் முக்கியம். தோலோடு கட்டம் போட்டு, பிதுக்கி, கரண்டியால் சுரண்டி எடுக்கும் முறை பார்க்க அழகு, ஆனால் ஒவ்வொரு துண்டின் அடியும் நசுங்கும். அதற்குப் பதில் கொட்டையின் தட்டையான இரு பக்கங்களிலும் சதையை வெட்டி எடுத்து, தோலைச் சீவிவிட்டு, பலகையில் படுக்க வைத்து 8 மி.மீ. கனத்தில் பட்டை, பட்டையிலிருந்து குச்சி, குச்சியிலிருந்து சதுரம் என்று போங்கள். கத்தி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி செல்களை அறுக்காமல் நசுக்குகிறது, அந்த நசுங்கிய இடத்திலிருந்து உப்பு படாமலேயே சாறு கசியும். துண்டு சிறிதாகச் சிறிதாக வெட்டுப்பரப்பு கூடும், நீரும் கூடும். 5 மி.மீ.க்குக் கீழே மாம்பழத்தை நறுக்கினால் ஜாம் பதத்துக்குப் போய்விடும். குடமிளகாய் 5 மி.மீ., வெங்காயம் 3 மி.மீ., மிளகாய் முடிந்தவரை பொடிப்பொடியாக. காரமும் நெடியும் உள்ளவை பழத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஒரு வாயில் பழம் முன்னே நிற்கும்.

நறுக்கிய பழத்தைக் கண்ணகன்ற வடிகட்டியில் பரப்பி, கீழே ஒரு கிண்ணம் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். தானாக வடிவது வடியட்டும், அழுத்த வேண்டாம். வடிந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், கடைசியில் சுவை சரிசெய்ய அது வேண்டும்.

கலக்கும் வரிசை: சிறு கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறு, வெங்காயம், மிளகாய். பத்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். பெரிய கிண்ணத்தில் பழமும் குடமிளகாயும், உப்பில்லாமல், ஃப்ரிட்ஜில். பரிமாறுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் இரண்டையும் சேர்த்து, கொத்தமல்லி தூவி, உப்பிட்டு, அகலக் கரண்டியால் அடியிலிருந்து மேலே ஆறேழு முறை புரட்டினால் போதும். கிளறக் கிளறத் துண்டின் முனை உடையும். கிண்ணம் கண்ணாடியோ எவர்சில்வரோ இருக்கட்டும். அலுமினியத்திலும் செம்பிலும் புளிப்பு பட்டால் உலோகச் சுவை ஏறும்.

சர்க்கரை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உப்பு குறைந்த பழ சல்சா சப்பென்று இருக்கும், அதைப் பலர் இனிப்புக் குறை என்று நினைத்துச் சர்க்கரை போடுகிறார்கள். உப்பைக் கால் சிட்டிகை கூட்டிப் பாருங்கள், பழத்தின் இனிப்பே மேலே எழும்பும். பிறகு புளிப்பு. அதன் பிறகும் இனிப்புப் போதவில்லை என்றால் வடித்துவைத்த சாற்றில் ஒரு கரண்டி. சர்க்கரைக்குப் பெரும்பாலும் வேலையே வராது.

---

காரக்கத்தி:

வெங்காயமும் மிளகாயும் நான் சொல்றேன்.

மிளகாயில காரம் விதையில இருக்குன்னு நினைச்சு விதையை மட்டும் தட்டிவிட்டா பெரிசா குறையாது. காரம் ஊறுறது உள்ளே விதை ஒட்டிட்டிருக்கிற வெள்ளைத் தசையில. விதைக்குக் காரம் அதுல உரசுறதாலதான் வருது. காரம் குறையணும்னா மிளகாயை நீளவாக்குல பிளந்து, அந்த வெள்ளை நரம்பைக் கத்தி முனையால வழிச்சு எடுங்க. பாதி நரம்பை வச்சுட்டு பாதியை எடுத்தா நடுத்தரமா இருக்கும்.

ஒரே செடியில பறிச்ச ரெண்டு மிளகாயே ஒரே காரம் இருக்காது. வகையைப் பொறுத்து வித்தியாசம் இன்னும் அதிகம்: ஹாலபீனோ பொதுவா 2,500ல இருந்து 8,000 ஸ்கோவில் (காரத்தை அளக்குற அலகு), செர்ரானோ 10,000க்கு மேல, ஹபனேரோ லட்சத்தைத் தாண்டும். அதனால "மிளகாய் 2" அப்படிங்கிற அளவே ஒரு அளவு இல்லை. நடுவுல ஒரு மெல்லிய வளையம் வெட்டி நாக்கு நுனியில வச்சுப் பாருங்க (நுனிப் பக்கம் காரம் குறைவு, அதை வச்சு முடிவு பண்ணாதீங்க). அதுக்கப்புறம் எவ்வளவுன்னு தீர்மானிங்க. முதல்ல பாதியைப் போட்டுட்டு, கால் மணி கழிச்சு ருசி பார்த்து மீதியைப் போடுறது பாதுகாப்பான வழி. காரம் உடனே முழுசா தெரியாது, சாறோட சேர்ந்து பரவப் பரவ ஏறும்.

ஒரு வாய் சப்பு, ஒரு வாய் தீ: இதுக்குக் காரணம் துண்டு பெரிசா இருக்கிறது. 1 மி.மீ.க்கு நறுக்குங்க, இல்லைன்னா மெல்லிய துருவல்ல துருவிடுங்க. காரப்பொருள் தண்ணியில கரையாது, எண்ணெயில கரையும். அதனால எலுமிச்சைச் சாறுல ஊற வைக்கும்போது அரைத் தேக்கரண்டி மணமில்லாத எண்ணெய் விட்டா காரம் சீரா விரியும். இது கட்டாயம் இல்லை, ஆனா கூட்டத்துக்குச் செய்யும்போது நல்ல பலன்.

கையை வெறும் தண்ணியில கழுவினா போகாது, காரணம் மேலே சொன்னதே. கொஞ்சம் எண்ணெய் தேய்ச்சு, பிறகு பாத்திரம் கழுவுற சோப்பு போட்டுக் கழுவுங்க. ஹபனேரோ மாதிரி வகைன்னா கையுறை இல்லாம தொடவே வேண்டாம், கண்ல காண்டாக்ட் லென்ஸ் போடுறவங்க இன்னும் எச்சரிக்கையா இருக்கணும்.

இப்ப வெங்காயம். முழு வெங்காயத்துல நெடி கிடையாது. வெட்டும்போதுதான் ஒரு என்சைம் வெளியே வந்து கந்தகச் சேர்மங்களை உண்டாக்குது. கத்தி மழுங்கலா இருந்தா அது இன்னும் அதிகம். நறுக்கினதை நல்ல குளிர்ந்த தண்ணியில பத்து நிமிஷம் போட்டு, வடிகட்டி, துணியில ஒத்தி எடுத்தா வெட்டுப்பரப்புல இருக்கிற நெடி போயிடும், மொறுமொறுப்பும் இருக்கும். ஒத்தி எடுக்குறதை விட்டுடாதீங்க, ஈரத்தோட போட்டா நீங்களே கிண்ணத்துல தண்ணி ஊத்துற மாதிரி. அதுக்கப்புறம் எலுமிச்சைச் சாறுல ஊற வச்சா புளிப்பு அந்த என்சைமை அடக்கும், சிவப்பு வெங்காயம் பளிச்சுன்னு இளஞ்சிவப்பா மாறும். உங்க அளவுல ஒரு முழு வெங்காயம்னா 100 கிராம் இருக்கும். பழ சல்சாவுக்கு அதுல பாதி போதும்.

பச்சைப் பூண்டு சிலர் போடுறாங்க. தக்காளி சல்சாவுக்குச் சரி, மாம்பழத்தோட அது ஒட்டாது. மறுநாள் நெடி வெங்காயத்தை விட மோசம்.

---

துண்டுமாங்கனி:

இருவருக்கும் மிக்க நன்றி. விதையை மட்டும் எடுப்பது தவறான பழக்கம் என்று இப்போது புரிகிறது. அன்னாசியை ஏன் அளவில் சேர்க்கவில்லை? தர்பூசணி, பீச், ஸ்ட்ராபெரி இவற்றிலும் இதே விகிதம் வருமா? உறைய வைத்த பழத்துண்டுகள் உதவுமா?

---

கனிவகை:

அன்னாசி வேண்டாம் என்பதில்லை. மாம்பழத்தோடு சேர்க்கும்போது அது வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதைத் தெரிந்து சேர்க்க வேண்டும்.

பச்சை அன்னாசியில் புரோமிலைன் என்ற புரத உடைப்பி, அதாவது புரதத்தைச் சிதைக்கும் என்சைம், இருக்கிறது. பப்பாளியில் பப்பைன், அதுவும் காயாக இருக்கும்போது அதிகம். கிவியில் ஆக்டினிடின். இவை மற்றப் பழங்களை ஒன்றும் செய்யாது, இறாலையும் மீனையும் கோழியையும் செய்யும். சுட்ட இறாலின் மேல் அன்னாசி சல்சாவை ஊற்றி அரை மணி வைத்தால் இறாலின் வெளிப்பக்கம் மாவு மாதிரி ஆகிவிடும். பரிமாறும் நேரத்தில் மேலே வைத்தால் எந்தச் சிக்கலும் இல்லை. பச்சை இறாலை அந்தச் சல்சாவிலேயே ஊற வைத்துச் சுடலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தயிரோ புளிப்புக் க்ரீமோ சேர்த்துக் கலந்தால் இதே என்சைம் பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்கும், எனவே அவற்றைத் தனியாக வைத்துத் தட்டில் சேர்ப்பது நல்லது. டின்னில் வரும் அன்னாசி சூடாக்கப்பட்டது, அதில் இந்த என்சைம் செயலிழந்துவிடும். ஆனால் மொறுமொறுப்பும் போயிருக்கும்.

அன்னாசிக்கு என் பரிந்துரை: 1.5 செ.மீ. கன வளையங்களாக வெட்டி, துணியால் ஒத்தி, எண்ணெயில்லாத நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் பக்கத்துக்கு 2, 3 நிமிடம். புள்ளி புள்ளியாகக் கருக வேண்டும். மேற்பரப்பு நீர் ஆவியாகி இனிப்புச் செறிவாகும், கருகிய மணம் மிளகாயோடு அற்புதமாகச் சேரும். முழுக்க ஆறிய பிறகு நறுக்குங்கள், சூடாகச் சேர்த்தால் கொத்தமல்லி வாடும். இப்படிச் செய்த 400 கிராம் அன்னாசிக்கு ஹபனேரோ கால் துண்டு போதும். எலுமிச்சையை 10 மி.லி.க்குக் குறையுங்கள், அன்னாசிக்கே புளிப்பு உண்டு. இன்னொன்று, அன்னாசி பறித்த பிறகு இனிப்பு ஏறாது. தர்பூசணி, ஸ்ட்ராபெரி, திராட்சையும் அப்படியே. வாங்கும்போது புளித்தால் நாலு நாள் வைத்தாலும் புளிக்கும். மாம்பழம், பீச், பப்பாளி, கிவி ஆகியவை பறித்த பின்னும் பழுக்கும்.

எத்தனை சதவீதம் நீர் என்பதை வைத்து மட்டும் பழத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆப்பிளிலும் அன்னாசியிலும் நீர் ஏறக்குறைய ஒன்றுதான், 86 சதவீதம் அளவு. ஆப்பிள் துண்டு ஒரு மணி நேரம் கிண்ணத்தில் கிடந்தாலும் அன்னாசி அளவுக்கு நீர் விடாது. செல் சுவர் எவ்வளவு உறுதி என்பதே கேள்வி. மென்பழத்துக்குத் துணையாக உறுதியான ஒன்றைச் சேர்ப்பதும் இதனால்தான்: குடமிளகாய், பச்சை ஆப்பிள், ஹிகாமா கிழங்கு, அரைப்பழமான மாங்காய் இவற்றில் ஏதாவது ஒன்று, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

தர்பூசணி 92 சதவீதம் நீர், ஸ்ட்ராபெரியும் கிட்டத்தட்ட அதே. இரண்டும் உப்புப் பட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. தர்பூசணியை 1 செ.மீ. துண்டாகப் பெரிதாக வெட்டி, விதை நீக்கி, வடிகட்டியில் இருபது நிமிடம் வைத்து, சாப்பிடும் தட்டில் உப்பிடுவது மேல். கொத்தமல்லிக்குப் பதில் புதினா நன்றாகப் பொருந்தும். புதினா நசுங்கினால் கறுக்கும், ஆகவே அடுக்கிச் சுருட்டி ஒரே முறை மெல்லியதாக அரிய வேண்டும், மீண்டும் மீண்டும் கொத்தக் கூடாது. ஸ்ட்ராபெரியைக் காம்போடு கழுவி, உலர்த்தி, அதன் பிறகு காம்பை எடுங்கள். காம்பு எடுத்துக் கழுவினால் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும்.

பீச், நெக்டரின், பேரிக்காய், ஆப்பிள்: இவை வெட்டியதும் பழுப்பாகும். எலுமிச்சைச் சாற்றை நறுக்கிய உடனே கொஞ்சம் புரட்டிவிட்டால் நிறம் நிற்கும். காயான பீச்சை ஃப்ரிட்ஜில் வைத்தால் சதை மாவாகிவிடும், பிறகு எவ்வளவு நாள் வெளியே வைத்தாலும் சரியாகாது. அவகாடோ சேர்ப்பதாக இருந்தால் எல்லாம் கலந்த பிறகு, கடைசிப் புரட்டலில்.

உறைய வைத்த துண்டுகள் இந்த வேலைக்கு ஆகாது. உறையும்போது பனிப்படிகம் செல் சுவரைக் கிழித்துவிடும், உருகியதும் கூழ். அவற்றை வைத்து மிக்ஸியில் அரைத்த சல்சா செய்யலாம், அது வேறு பண்டம். அதே காரணத்தால் செய்து முடித்த சல்சாவையும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

தக்காளி, வெள்ளரி பற்றி உப்புத்தராசிடம் ஒரு சிறு மாறுபாடு உண்டு. உப்பு கடைசியில் என்பது பழத்துக்குச் சரி. விதை நீக்கிய தக்காளிக்கும் வெள்ளரிக்கும் முன்பே தனியாக ஒரு சிட்டிகை உப்பிட்டு, வடிகட்டியில் கால் மணி வைத்து, அந்த நீரை நீக்கிவிட்டுச் சேர்த்தால் பிறகு கிண்ணத்தில் அவை நீர் விடுவது கணிசமாகக் குறையும். இரண்டிலும் நீர் 95 சதவீதம், அதில் கொஞ்சம் போவதால் சுவைக்கு நஷ்டம் இல்லை, லாபமே.

---

உப்புத்தராசு:

ஏற்றுக்கொள்கிறேன். தக்காளியும் வெள்ளரியும் சேர்ந்தால் அப்படியே செய்யுங்கள். ஒரே நிபந்தனை: அங்கே போட்ட உப்பு மொத்தக் கணக்கில் கழிய வேண்டும். மாம்பழத்துக்கும் பீச்சுக்கும் அதே தந்திரம் செய்யாதீர்கள், வடிந்து போவது முழுக்க இனிப்பும் மணமும்.

கொத்தமல்லி சிலர் நாக்குக்குச் சோப்பு மாதிரி இருக்கும். அது பிடிவாதம் இல்லை, மணத்தை உணரும் மரபணுவில் உள்ள வேறுபாடு அதற்கு ஒரு காரணம். விருந்தினர் யாரென்று தெரியாதபோது தழையைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

---

குளிர்நிலை:

எவ்வளவு நேரம் வைக்கலாம், பாட்டிலில் அடைக்கலாமா என்ற கேள்விகளுக்கு இன்னும் யாரும் வரவில்லை. இதில் சுவையைவிடப் பாதுகாப்பு முதலில் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழத்தை வெட்டும் முன் தோலைக் கழுவுங்கள், தோலைச் சாப்பிடப் போவதில்லை என்றாலும். கத்தி தோலின் மேல் இருக்கும் கிருமியை உள்ளே கொண்டுபோகும். முலாம்பழத்தின் வலைத்தோலில் இது மிக முக்கியம். 2011இல் அமெரிக்காவில் முலாம்பழம் வழியாகப் பரவிய லிஸ்டீரியா என்ற பாக்டீரியாத் தொற்றில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓடும் தண்ணீரில் பிரஷ் வைத்துத் தேய்த்து, துடைத்து உலர்த்தி, பிறகு வெட்டுங்கள். சோப்பு வேண்டாம். இறைச்சியும் மீனும் வெட்டிய பலகை வேறாக இருக்கட்டும்.

கலந்த சல்சா வெளியே அதிகபட்சம் 2 மணி நேரம். வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடமானால் 1 மணி நேரம். எலுமிச்சை பிழிந்திருக்கிறதே என்று மெத்தனம் வேண்டாம், 20 மி.லி. சாறு அரைக் கிலோ கலவையைக் காப்பாற்றாது. வெளியே தோட்டத்தில் பரிமாறினால் பெரிய கிண்ணத்தைப் பனிக்கட்டி நிரப்பிய தட்டில் உட்கார வைத்து, சிறிய கிண்ணங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவையுங்கள். மிச்சத்தைப் பெரிய கிண்ணத்தில் திருப்பிக் கொட்டக் கூடாது.

ஃப்ரிட்ஜில் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே, மூடிய கண்ணாடி டப்பாவில், மாம்பழ சல்சா 2 நாள் வரை சாப்பிடலாம். சுவை உச்சத்தில் இருப்பது முதல் 2 மணி நேரம், அதற்குப் பிறகு கொத்தமல்லி புளிப்பில் பச்சை மங்கிப் பழுப்போடும். தர்பூசணியும் ஸ்ட்ராபெரியும் அன்றே தீர்த்துவிட வேண்டியவை. நுரை, குமிழ், சாராய வாடை, வழவழப்பு இதில் எது தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், ருசி பார்த்துச் சோதிக்க வேண்டாம்.

முன்கூட்டியே செய்ய நினைத்தால் பிரித்து வையுங்கள். காலையில் பழத்தை வெட்டி மூடி ஒரு டப்பா, குடமிளகாய் ஒரு டப்பா, எலுமிச்சையில் ஊறும் வெங்காயமும் மிளகாயும் ஒரு சிறு புட்டி, கழுவி உலர்த்திய கொத்தமல்லி துணியில் சுற்றி. மாலையில் கலக்க ஐந்து நிமிடம். மறுநாள் வெங்காய நெடி என்ற உங்கள் குறை இதிலேயே தீர்ந்துவிடும், இரவு முழுக்கப் பழத்தோடு வெங்காயம் ஒரே டப்பாவில் கிடப்பதுதான் அதற்குக் காரணம். பரிமாறும்போது நேராக 4 டிகிரியிலிருந்து எடுத்து வைக்காமல் பத்து நிமிடம் வெளியே விடுங்கள். அதிகக் குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பும் மணமும் குறைவாகவே தெரியும். உப்புப் புளி சரிபார்ப்பதும் அந்த நிலையில்தான்.

பாட்டில் விஷயம்: இந்தச் செய்முறையை அப்படியே பாட்டிலில் அடைத்து வெளியே வைக்கவே கூடாது. காற்றுப் புகாத பாட்டிலுக்குள் பிஎச் (புளிப்பின் அளவுகோல், எண் கூடினால் புளிப்பு குறைவு) 4.6க்கு மேல் இருந்தால் பொட்டுலிசம் விஷத்தை உண்டாக்கும் பாக்டீரியா வளர முடியும். அதன் வித்துகளைச் சாதாரணக் கொதிநீர் அழிக்காது. மணமோ நிறமோ மாறாமலேயே விஷம் இருக்கக்கூடும் என்பதால் கண்டுபிடிக்கவும் வழி இல்லை. வெங்காயம், மிளகாய், குடமிளகாய், முலாம்பழம், தர்பூசணி, பப்பாளி எல்லாமே புளிப்புக் குறைந்தவை. நீண்ட நாள் வைக்க வேண்டுமென்றால் ஆய்வகத்தில் சோதித்து வெளியிட்ட பாட்டில் செய்முறை ஒன்றை எடுத்து, அதில் உள்ள புளிப்பைக் குறைக்காமல், வெங்காயம் மிளகாய் அளவைக் கூட்டாமல், எழுத்துக்கு எழுத்து பின்பற்றுங்கள். அவற்றில் புட்டியில் விற்கும் எலுமிச்சைச் சாறு கேட்பார்கள், ஏனென்றால் அதன் புளிப்பு ஒரே சீராக இருக்கும். புதிதாகப் பிழிந்தது பழத்துக்குப் பழம் மாறும். அப்படிச் செய்தது வேக வைத்த சல்சா, பச்சை சல்சாவின் மொறுமொறுப்பை அதில் எதிர்பார்க்க முடியாது.

இனிப்புக்குத் தேன் சேர்ப்பவர்கள் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதைக் கொடுக்க வேண்டாம்.

---

துண்டுமாங்கனி:

மிகத் தெளிவான விளக்கம். பிரித்து வைக்கும் முறையையே இனி பின்பற்றுகிறேன். கடைசியாக ஒன்று: ஏற்கெனவே நீர் விட்டுப்போன சல்சா கையில் இருந்தால் அதைக் காப்பாற்ற ஏதாவது வழி?

---

உப்புத்தராசு:

உண்டு. முதலில் வடிகட்டியில் கொட்டி ஐந்து நிமிடம் விடுங்கள், கரண்டியால் அழுத்தாமல். கையில் குடமிளகாயோ பச்சை ஆப்பிளோ இருந்தால் ஒரு கைப்பிடி பொடியாக நறுக்கிப் புரட்டுங்கள், போன மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும். உப்பும் புளிப்பும் பெரும்பகுதி வடிந்த நீரோடு போயிருக்கும், அதனால் ருசி பார்த்து இரண்டையும் மீண்டும் சிறிது சேருங்கள். புதுக் கொத்தமல்லி கொஞ்சம் மேலே. சோளச் சிப்ஸோடு தருவதாக இருந்தால் துளையுள்ள கரண்டியால் அள்ளிப் பரிமாறினாலே சிப்ஸ் நமத்துப் போகாது.

பழம் மிகவும் குழைந்துவிட்டதென்றால் துண்டாக வைக்கப் போராட வேண்டாம். பாதியை மிக்ஸியில் ஒரே சுற்றுச் சுற்றி மீதியோடு சேர்த்துவிடுங்கள். கெட்டியான சாஸ் பதம் வரும், சுட்ட மீனுக்கு மேலே ஊற்ற அதுவே பொருத்தம்.

வடிந்த நீர் நல்ல பொருள். 100 மி.லி.க்கு 2 மேசைக்கரண்டி எண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து மூடியுள்ள புட்டியில் குலுக்கினால் கீரை சாலட்டுக்கு ஊற்றலாம். ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

---

காரக்கத்தி:

காரம் கூடிப்போன சல்சாவுக்கும் சேர்த்துச் சொல்லிடறேன். தண்ணி ஊத்தாதீங்க, எலுமிச்சையும் பிழியாதீங்க, புளிப்பு ஏறுமே தவிர காரம் இறங்காது. மிளகாய் போடாத பழம் இன்னும் 150 கிராம் நறுக்கிச் சேருங்க, இல்லைன்னா அவகாடோ ஒண்ணு. கொழுப்பு காரத்தைப் பிடிச்சுக்கும். உப்பை அப்புறம் மறுபடி ருசி பாருங்க.